காகிதமா, காட்டனா? ஏர் ஃபில்டர் கேள்வி-பதில்

கேள்வி: காரோடு வந்த காகித ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கழுவிக் கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் மாட்டலாம் என்றிருக்கிறேன். மைலேஜும் பிக்கப்பும் கூடுமாமே?

பதில்: மைலேஜுக்காக என்றால் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றுக்கு ஏற்பத்தான் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை விடும். ஃபில்டர் அடைத்தால் வண்டி இழுக்கத் திணறும், கூடுதலாகப் பெட்ரோல் குடிக்காது. கார்புரேட்டர் காலத்தில் குடித்தது. அந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிக்கப்பும் அப்படித்தான். பாதி ஆக்ஸிலரேட்டரில் போகும்போது காற்றை மறிப்பது த்ராட்டில் தகடு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திறக்கும் கதவு. முழுக்க மிதித்து, ஆர்.பி.எம். உச்சத்தில் இருக்கும்போதுதான் ஃபில்டரால் ஏதாவது வித்தியாசம் வரும். காற்று இழுக்கும் சத்தம் கூடுவதை வேகம் கூடியதாக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

லாபம் ஒன்றுதான்: அடிக்கடி புதிது வாங்க வேண்டாம். அதற்கு விலையாக, நுண்தூசியைப் பிடிப்பதில் நல்ல காகிதத்தை விடக் காட்டன் பொதுவாக ஒரு படி கீழே. 1.2 லிட்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் வரை காற்று இழுக்கும். அதில் வரும் மணல்தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உரசித் தேய்க்கும். தினமும் மண்சாலையில் ஓடும் வண்டிக்குக் காகிதமே போதும் என்பது என் கட்சி.

கேள்வி: வீட்டிலேயே மாட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. வாங்கும் முன் பழைய ஃபில்டரின் நீளம், அகலம், உயரத்தோடு ரப்பர் ஓரத்தின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். இன்ஜினை அணைத்து ஆற விடுங்கள். ஏர் பாக்ஸ் மூடியைச் சில வண்டிகளில் கிளிப் பிடித்திருக்கும், சிலவற்றில் ஸ்க்ரூ. மூடியில் சென்சார் ஒயர் இருந்தால் கனெக்டரின் பூட்டை அமுக்கிக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பழையதை எடுத்ததும் இன்ஜின் பக்கக் குழாய் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பெட்டியின் அடியில் கிடக்கும் சருகையும் மண்ணையும் வேக்யூமால் உறிஞ்சுங்கள். ஊதினால் தூசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. புது ஃபில்டரை வைத்து, ரப்பர் ஓரம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அடைத்த துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது மூடியில்தான். பின்பக்கக் கொக்கிகள் முதலில் துளைக்குள் போக வேண்டும். அதன் பிறகே முன்பக்கக் கிளிப். கொக்கி மாட்டாமலும் கிளிப் பூட்டிக்கொள்ளும், பின்னால் நூலளவு இடைவெளி நிற்கும், வடிகட்டாத காற்று அதன் வழியே போகும். 1,000 கி.மீ. ஓடியதும் திறந்து, இன்ஜின் பக்கச் சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் நறநறவென்று மண் பட்டால் எங்கோ ஒழுகுகிறது.

கேள்வி: காட்டன் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டு மாட்டினேன். இரண்டே நாளில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஐடிலில் வண்டி உதறுகிறது. ஏன்?

பதில்: தூசி ஒட்டுவதற்காகக் காட்டன் இழையில் பூசும் எண்ணெய் கூடிப்போயிருக்கும். உங்கள் வண்டியில் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (சுருக்கமாக மாஃப், உள்ளே போகும் காற்றை அளப்பது) உண்டா என்று முதலில் பாருங்கள். ஃபில்டருக்கு அடுத்தாற்போல், காற்றுக் குழாயில் செருகியிருக்கும். அதன் உள்ளே சூடேறும் மெல்லிய கம்பியோ தகடோ இருக்கும். காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்தே கணக்கு. மிஞ்சிய எண்ணெய் பறந்து போய் அதில் படிந்தால் அளவு பிசகும். ஸ்கேனரில் பி0101 அல்லது பி0171 என்ற கோளாறுக் குறியீடு காட்டினால் சந்தேகம் வலுக்கிறது.

ஸ்க்ரூவைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுத்து, அதற்கென்றே விற்கும் மாஃப் கிளீனரை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் கூடாது. விரலோ துணியோ பஞ்சோ படக்கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்தச் சென்சாரே இல்லை, காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அப்படியானால் எண்ணெயை விட்டுவிட்டு, கழற்றிய கனெக்டர் சரியாக ஏறியிருக்கிறதா, ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை இப்படிக் கழுவுங்கள். ஃபில்டர் கிளீனரை இரு பக்கமும் தெளித்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். அதிலேயே காய்ந்துவிடக் கூடாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகமில்லாமல் விழும் தண்ணீரில் அலசுங்கள். எதிர்ப்பக்கமாக அலசினால் அழுக்கு துணிக்குள்ளேயே இறங்கும். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது. மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய், அவ்வளவுதான். 20 நிமிடம் கழித்து, வெளுத்த இடத்தில் மட்டும் ஒரு தொடல். சொட்டினால் அளவு மீறிவிட்டது.

கேள்வி: ஃபில்டர் எண்ணெய்க்குப் பதில் இன்ஜின் ஆயில் போடலாமா? கம்ப்ரஸரால் ஊதலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஃபில்டர் எண்ணெய் பிசுபிசுப்பாக இழையிலேயே நிற்கும். இன்ஜின் ஆயில் வழிந்து அடியில் தேங்கும். கம்ப்ரஸர் காற்று இழையை விலக்கிவிடும், கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது. பெட்ரோலில் முக்கினால் ஓரத்து ரப்பர் கெடும்.

கேள்வி: கழுவும் ஃபில்டரிலேயே எண்ணெய் வேண்டாத வகை உண்டாமே?

பதில்: உண்டு, செயற்கை இழையில் செய்தது. சென்சார் பயம் இல்லை. கழுவி, காயவைத்து, அப்படியே மாட்ட வேண்டியதுதான். பழக்கதோஷத்தில் அதற்கும் எண்ணெய் பூசிவிட்டால், முழுக்கக் கழுவி எடுக்கும்வரை மாட்டாதீர்கள்.