பன்னிரண்டு கோடு காட்டுது, வாங்கலாமா?

பழைய எலெக்ட்ரிக் காடி மலிவாகக் கிடைக்கிறது என்று சுங்கை சிப்புட்டில் யாரோ கிளப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

கேள்வி: 2013 நிஸான் லீஃப், 22,000 வெள்ளி சொல்கிறார்கள். பேட்டரி எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று டாஷ்போர்டில் காட்டும் கோடு பன்னிரண்டும் அப்படியே இருக்கிறது. வாரம் இரண்டு தடவை மனைவியை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வர வேண்டும். வாங்கலாமா? (ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, பன்னிரண்டும் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வண்டியின் பேட்டரி 24 கிலோவாட் மணி. புதிதாக இருந்தபோதே அமெரிக்கக் கணக்குப்படி 120 கிலோமீட்டர்தான் ஓடும். பேட்டரியைக் குளிரவைக்கத் தண்ணீர்க் குழாயோ விசிறியோ அதில் கிடையாது. 2012-லேயே அமெரிக்காவின் அரிஸோனாவில், பாலைவன வெயிலில், வாங்கிய கொஞ்ச நாளில் கோடு குறைகிறது என்று உரிமையாளர்கள் சத்தம் போட்டார்கள். 2015 மாடலில்தான் வெப்பம் தாங்கும் பேட்டரி வைத்தார்கள். நம் மலேசிய வெயிலில் இத்தனை வருடம் நின்ற 2013 வண்டி ஒரு கோடுகூட இழக்கவில்லை என்றால், ஒன்று அதில் வேறு பேட்டரி மாற்றியிருக்க வேண்டும், அல்லது யாரோ கணினியைச் செருகி, வண்டி வைத்திருக்கும் பேட்டரித் தேய்மானக் கணக்கை அழித்திருக்க வேண்டும். அழித்தால் கோடெல்லாம் முழுசாக வந்து நிற்கும். சில வாரமோ சில மாதமோ ஓட்டிய பிறகு உண்மை நிலைக்கு இறங்கிவிடும். அதற்குள் கிராண்ட் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உங்கள் பெயருக்கு மாறியிருக்கும்.

முதல் கோடு போனால் பேட்டரியில் 15 சதவீதம் போச்சு என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு கோடும் 6 சதவீதம் சொச்சம். எட்டுக் கோடு மிச்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு பேட்டரி. ஏர்கான், மழை, ஈப்போ நெரிசல் எல்லாம் சேர்ந்தால் 65, 70 கிலோமீட்டர் தாண்டுவது கஷ்டம். உங்களுக்குப் போக வர 60. திரும்பி வரும்போது டாஷ்போர்டில் ஆமைப் படம் எரியலாம். வேகம் குறைகிறது என்பதற்கு அந்த வண்டியில் வைத்திருக்கும் அடையாளமே ஆமைதான். நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டாம்.

லீஃப் ஸ்பை என்று ஒரு ஆப் இருக்கிறது. ஸ்டியரிங் கீழே செருகும் புளூடூத் கருவி ஒன்றைத் தெரிந்த பையனிடம் கடன் வாங்குங்கள். பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதமாக வரும். சார்ஜ் இறங்கிய நிலையில், பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் அந்த வண்டி வேண்டாம். ஆனால் கணக்கை அழித்தவன் ஆப்பையும் கொஞ்ச நாள் ஏமாற்றுவான். அதனால் முழு சார்ஜ் போட்டு, ஏர்கான் வைத்து, ஈப்போ போய்த் திரும்புங்கள். வீட்டு வாசலில் 35 சதவீதம் மிச்சம் இருந்தால் மேலே பேசலாம். 20-க்குக் கீழே என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இத்தனை தூரம் ஓட்டவிட மாட்டேன் என்று கடைத் தவுக்கே சொன்னால், அதுவே பதில்.

கேள்வி: எலெக்ட்ரிக் காடிக்கு ரோட் டேக்ஸ் கிடையாதாமே?

பதில்: 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் அந்தச் சலுகை. 2026 முதல் மோட்டாரின் கிலோவாட் பார்த்துக் கட்ட வேண்டும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் படம் பார்த்து, ஜொகூரிலிருந்து ஒரு பழைய மிட்சுபிஷி ஐ-மீவ் லோரியில் ஏற்றி வரவைத்தேன். சார்ஜ் கேபிள் வரவில்லை. இங்கே உள்ள பொதுச் சார்ஜரில் சொருகவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: சொருகும் வாயைக்கூடப் பார்க்காமலா, தம்பி? அதில் இருப்பது மெதுவாக ஏற்றும் டைப் 1 வாயும், வேகமாக ஏற்றும் ஷாடெமோ வாயும். இப்போது பொது இடத்தில் வைப்பது பெரும்பாலும் மெதுவுக்கு டைப் 2, வேகத்துக்கு சிசிஎஸ் 2. டைப் 1-ஐ டைப் 2-வோடு சேர்க்கும் கேபிள் தனியாக விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். வேகச் சார்ஜ் வேண்டுமென்றால் ஷாடெமோ இருக்கும் இடம் தேடி அலைய வேண்டியதுதான். பசாரில் மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்ப்போம்.

கேள்வி: என் கணவர் சேமநிதிப் பணத்தில் கடையில் ஒரு பழைய லீஃப் எடுத்தார். "பேட்டரி நல்லா இருக்கு, கேரண்டி" என்றார்கள். மூன்றே மாதத்தில் நான்கு கோடு போய்விட்டது. இப்போது "பழைய வண்டி அப்படித்தான்" என்கிறார்கள். ரசீதில் விலை மட்டும்தான் இருக்கிறது. (ஜாலோங்)

பதில்: அம்மா, நீங்கள் ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மேலே கிராணி ஐயாவுக்குச் சொன்ன வித்தைதான் உங்கள் வண்டியிலும் நடந்திருக்கும் போலத் தெரிகிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போனால் போதும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரர் விற்கும் பொருள் அதன் விலைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப்பில் அவர்கள் பேசியது, வாங்கிய நாளில் எடுத்த டாஷ்போர்டுப் படம் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டு போங்கள். பூ வைத்து வண்டியோடு எடுத்த படத்தில் கோடு தெரிந்தால் அதுவும் சாட்சிதான். இன்று முதல் கடையோடு பேச்சு வேண்டாம், எல்லாம் எழுத்தில்.

இந்த ரசீது விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. நம் ஆட்கள் எழுதித் தரச் சொல்லக் கூச்சப்படுகிறோம். "நம்பிக்கைதானே அண்ணே" என்று அவன் சொன்னதும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டால் அவமரியாதையாம். நானும் அப்படித்தான் ஒரு காடி வாங்கினேன். டீச்சர் ஒருத்தர் பள்ளிக்கூடம் மட்டும் போய் வந்த வண்டி, மீட்டரில் அறுபதாயிரம் என்றார்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு ஓரத்தில் இரும்பே தெரிந்தது. பார்த்தேன். பார்த்தும், டீச்சர் கனமான செருப்புப் போடுவார் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறாவது மாதம் கியர் பெட்டி போனது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். ரசீதில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தேநீர் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. "மீட்டர் உண்மை, பேட்டரி இத்தனை சதவீதம், கணக்கு அழிக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பேனாவை நீங்களே கொண்டு போங்கள்.

ஒன்று மட்டும்: தனி ஆளிடம் வாங்கியதைத் தீர்ப்பாயம் எடுக்காது. அதற்கு நீதிமன்றம்தான்.

கேள்வி: தோட்ட லயத்தில் இருக்கிறோம். எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ராத்திரியில் சார்ஜ் போடலாமா?

பதில்: கூடாது. சாதாரணப் பிளக்கில் பத்து ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். கெட்டில் ஐந்து நிமிடம்தான். ஒரு வீட்டில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், ஒரு கால் கருகி, வெள்ளைப் பிளாஸ்டிக் பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. தனி லைன், தனி பிரேக்கர், லைசென்ஸ் உள்ள வயர்மேன். வீடு தோட்டத்துடையது, அதனால் முதலில் ஆபீசில் அனுமதி.

கேள்வி: என்ஜின் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும்?

பதில்: எலெக்ட்ரிக் காடியில் என்ஜினே இல்லை. ஆனால் சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கிளம்பாது.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் என்ன ஓட்டுகிறீர்கள்?

பதில்: பழைய மேனுவல் பெட்ரோல் காடி. இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். வாங்கும்போதே தெரியும். ரசீதில் எழுதவைத்து ஐந்நூறு வெள்ளி குறைத்தேன்.