சான் ஸ்டார்ம் டேஷ்போர்டு ரெக்ஸின் உப்பல், மங்கிய மீட்டர் விளக்கு

மதுரை வெயிலில் சான் ஸ்டார்ம் (ஃபைபர் பாடி போட்ட ரெண்டு சீட் கார்) டேஷ்போர்டு ரெக்ஸின் உப்பி எழும்புது, மீட்டர் விளக்கும் மங்கலா எரியுதுன்னு கேட்டிருந்தீங்க சார். ரெண்டும் வேற வேற கோளாறு.

உப்பலுக்குக் காரணம் பசை. சித்திரை வெயிலில் நிறுத்தினா டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். சோபாவுக்குப் பூசுற சாதாரண பசை அதில் இளகிடும். உப்பின இடத்தில் ஊசியால் பசை ஏத்துறது வீண் வேலை, ரெக்ஸினை முழுசா உரிச்சிடுங்க. அடியில் பொடியாகிப்போன பழைய ஃபோமைத் துணுக்கு விடாம சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைங்க. தின்னரை ஊத்தி ஊற விடாதீங்க, ஃபைபர் பரப்பு கெட்டுப்போகும். வெப்பம் தாங்கும் பசையை ரெண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கிட்டே போங்க.

மீட்டருக்கு மேல வர்ற வளைவில்தான் பலரும் சொதப்புறாங்க. ரெக்ஸினை இழுத்து ஒட்டினா வெயிலில் சுருங்கி மறுபடி எழும்பும். ஹீட் கன்னால் (சூடான காத்து அடிக்கிற கருவி) இளக்கி, இழுக்காம படிய வைங்க. பள்ளம் ஆழமா இருந்தா அந்த இடத்துக்குத் துண்டு வெட்டித் தைச்சுப் போடுறதுதான் நிக்கும். பளபள ரெக்ஸின் வேண்டவே வேண்டாம், முன்கண்ணாடியில் பட்டு கண் கூசும். மேட் கருப்பு வாங்குங்க.

விளக்கு விஷயம்: ஃபைபர் பாடி மின்சாரம் கடத்தாது. எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற பாதை) முழுக்க ஒயர் வழியாத்தான் சேசிஸுக்கு, அதாவது அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்துக்குப் போகணும். அந்த முனை துருப்பிடிச்சா விளக்கு மங்கும், பெட்ரோல் முள்ளும் தப்பா காட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு, முனையை இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, 2.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்னு புதுசா இழுங்க. டேஷ்போர்டு கழன்டு இருக்கும்போதே இதை முடிச்சிடுங்க, அப்புறம் கை நுழையாது.