கணவர் ஆன்லைன் ரம்மியில் கடனாளி ஆகிவிட்டார். ஏற்கெனவே கடனை அடைத்தேன், இப்போது மறுபடியும் நகையைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அழுதாலும், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் மனதாரத்தான் சொல்வார். ஆனால் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்ததும், 'இதில் பாதியை வைத்து விட்டதைப் பிடித்துவிடலாம்' என்ற கணக்குதான் முதலில் ஓடும்.

என் அண்ணன் விஷயத்தில் இதைக் கூடவே இருந்து பார்த்தேன். அப்பா இடத்தை விற்று அவருடைய கடனை அடைத்தார். சில மாதங்களில் பழைய நிலைதான். அடுத்த தடவை அண்ணி பணப் பேச்சையே எடுக்கவில்லை. மொத்தக் கடனையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அண்ணன் இரண்டு லட்சம் என்றார். இருவரும் உட்கார்ந்து அண்ணன் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் சிபில் ரிப்போர்ட்டை எடுத்தபோது, ஐயாயிரம், எட்டாயிரம் என்று ஆப் கடன்கள் பக்கம் பக்கமாக வந்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கியிருக்கிறார். உண்மைத் தொகை அவர் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை இந்த ரிப்போர்ட் இலவசம். வங்கிக் கடனும் நிதி நிறுவனக் கடனும் அதில் தெரியும். கைமாற்று, அடகுக்கடை பாக்கி எல்லாம் தெரியாது, அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். கத்தாமல் கேட்டால்தான் சொல்வார்.

அடுத்தது, அவர் சம்மதத்தோடு சம்பளம் உங்கள் கைக்கு வர வேண்டும். அவர் போனில் ஜிபே, போன்பே எதுவும் வேண்டாம். கிரெடிட் கார்டை மூடிவிடுங்கள். தினச் செலவுக்குக் கையில் காசாகக் கொடுங்கள். இதில் அவருக்கு அவமானம் இருக்கும், அண்ணனுக்கும் இருந்தது. கடனை மாதாமாதம் நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். உறவுக்காரர்களிடமும் 'அவர் கேட்டால் கொடுக்காதீர்கள்' என்று சொல்லி வையுங்கள். மானம் போகிறதே என்று மறைத்தால், அவர்களிடமும் வாங்கிவிடுவார்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய ரம்மி ஆப்களும் பண ஆட்டத்தை நிறுத்தின. 'அதான் தடை வந்துவிட்டதே' என்று இருந்துவிட வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் டெலிகிராமில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, சிகிச்சை. இதைத் திமிர், பொறுப்பின்மை என்றுதான் நம் வீடுகளில் பேசுகிறோம். சூதாட்டத்துக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அவர் மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் பார்க்கலாம். அண்ணனுக்குத் தூக்கமும் இல்லை, மனச்சோர்வும் இருந்தது. அதற்கு மாத்திரையும், ஆட வேண்டும் என்ற எண்ணம் வரும்போது என்ன செய்வது என்பதற்குத் தொடர்ந்து கவுன்சிலிங்கும் கொடுத்தார்கள். நடுவில் ஒருமுறை மறுபடியும் ஆடினார். டாக்டர் அதிர்ச்சி அடையவில்லை, அடுத்த வாரமே வரச் சொன்னார்.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி அவர் பேசினால், மிரட்டுகிறார் என்று நினைக்காமல் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கடன் ஆப்காரர்கள் போன் செய்து மிரட்டினால் பயந்து நகையை எடுக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. படத்தை மார்ஃபிங் செய்து அனுப்புவேன் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 சைபர் கிரைம் எண்ணில் புகார் கொடுங்கள். நகையை இப்போதைக்கு உங்கள் அம்மா வீட்டிலோ, உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரிலோ வைத்துவிடுங்கள்.