லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் நிமோனியா வருமா?

வரும். "பறவையால காய்ச்சலா, கதை விடாதே" என்று உங்கள் வீட்டில் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். நான் டாக்டர் இல்லை. பறவைகள் மேல் கோபமும் இல்லை. புறாப் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

வியாசர்பாடியில் என் மாமா மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார். கூண்டைச் சுரண்டிப் பெருக்கினால் காய்ந்த எச்சம் தூளாகப் பறந்து மீசையெல்லாம் வெளுத்துவிடும். ஒரு கோடையில் அவருக்குக் கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வறட்டு இருமல். டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிமோனியா திட்டு. கடைசியில் வயதான ஒரு நெஞ்சுநோய் டாக்டர்தான், "வீட்ல கிளி, புறா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"புறாவுக்குத்தான் சார் வீடு. நாங்க சும்மா ஒண்டிட்டிருக்கோம்" என்றார் அத்தை.

டாக்சிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக் ஆரம்பித்த மறுநாளே மாமா டீ கேட்டார்.

இந்த நோயைச் சிட்டகோசிஸ் என்பார்கள், கிளிக்காய்ச்சல் என்றும் பெயர். உங்கள் லவ் பேர்ட்ஸும் கிளி வகைதான். கிளமிடியா சிட்டசி என்ற பாக்டீரியா. பென்சிலின் வகை மருந்துகளுக்கு மசியாது. எச்சத்தூளை மூச்சில் இழுத்தால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். பறவை துள்ளிக்கொண்டிருந்தாலும் கிருமி இருக்கலாம். 1930-இல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்த சார்லஸ் ஆம்ஸ்ட்ராங்கையே தொற்றியது. அவர் பிழைத்தார், உதவியாளர் ஹென்றி ஆண்டர்சன் இறந்தார். பழங்கதை என்பவர்களுக்கு: ஐரோப்பாவில் இது அதிகரித்து 5 பேர் இறந்ததாக 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

"டெஸ்ட் எடுத்து உறுதி செய்தீர்களா? எலிக்காய்ச்சலுக்கும் அதே மருந்துதானே?" என்று ஒருவர் கிளம்புவார். கிருமியை உறுதி செய்யும் பிசிஆர் டெஸ்ட் எடுக்கவில்லைதான். சந்தேகத்தின் பேரில்தான் மருந்து கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் பறவை இருக்கா என்ற கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்கவில்லையே! அதனால் காய்ச்சல் வந்தால், பறவை வளர்ப்பதை டாக்டரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். கூண்டைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, மாஸ்க் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் மேல்வீட்டுக்காரர் தினமும் புறாவுக்குக் கம்பு போடுகிறார். புண்ணியம் அவருக்கு, எச்சம் என் ஏசி மேல்.