தகரக் கூரையில் ஓடும் வானவில் கோடுகள்

ஹட்டனில் எடுத்த வீடியோவில், விநாடிக்கு 120 ஃபிரேம் ஸ்லோமோஷனில் மட்டும் லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத்) தகரக் கூரை நெளிந்து வானவில் கோடு ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸில் கோளாறு இல்லை. அந்த வேகத்தில் பல கமராக்கள் சென்சாரின் (ஒளியைப் பதியும் சில்லின்) பிக்சல் வரிகளைத் தாண்டித் தாண்டித்தான் வாசிக்கும். தகரத்தின் நெளிவுகள் அந்த இடைவெளியோடு மோதும்போது இல்லாத கோடு பிறக்கிறது. முழு சென்சாரையும் வாசித்துச் சுருக்கும் 4கே 25 ஃபிரேமுக்கு மாறுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். ஸ்லோமோஷன்தான் வேண்டுமென்றால் கூரைக்குக் கிட்டப் போங்கள், இல்லையென்றால் ஃபோகஸை முன்னாலிருக்கும் தேயிலைச் செடிக்கு இழுத்துவிடுங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப்16 வரை மூடினாலும் கொஞ்சம் குறையும். ஆனால் பனிமூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஏறிப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்த கிளிப்பின் நிறத்தை, எடிட்டிங்கில் கூரையை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகப் பிரித்து) சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, குறைத்து அடக்கலாம். ஆனால் அந்த இல்லாத நெளிவு பதிவாகிவிட்டால் எடிட்டிங்கில் சுத்தமாகப் போகாது.