அந்தப் போனை அவளிடம் கொடுங்கள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு, அறிவியல் இரண்டிலும் கெட்டிக்காரி. புவியியல் மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. உலக நாடுகளையும் தலைநகரங்களையும் அகர வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்டி, தினமும் இரவு ஒரு மணி நேரம் ஒப்பிக்க வைக்கிறேன். அன்றைக்குக் கடகடவென்று சொல்கிறாள். அடுத்த வாரம் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறாள். மேப்பில் சிலி எங்கே என்றால் ஆப்பிரிக்காவில் விரலை வைக்கிறாள். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அவர் போன் செய்யும் நேரத்துக்கு ஒரு ஒழுங்கே கிடையாது. பாதி நாள் அவள் படிக்கும்போதுதான் வரும். கவனம் சிதறக் கூடாதே என்று போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். புவியியலுக்குத் தனியாக ட்யூஷன் வைக்கலாமா? அல்லது சில பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வராதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: ட்யூஷனைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த அடுத்த அறையைப் பற்றிப் பேச வேண்டும்.

உலக மேப்பின் மேல் இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருக்கிற மனிதர் உங்கள் வீட்டுக்குப் போன் செய்கிறார். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் உங்கள் பெண் சுவரைப் பார்த்து ‘அங்கோலா, லுவாண்டா’ என்று ஓதிக்கொண்டிருக்கிறாள். கவனம் சிதறுமாம்! தகப்பன் குரலை இடைஞ்சல் என்று ஒதுக்கி வைக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? குடும்பத்துக்காகக் கடலில் கிடக்கிறவருக்குச் சம்பளம் அனுப்புவது மட்டும்தான் வேலை, பிள்ளை வளர்ப்பது கரையில் இருக்கிறவளின் வேலை என்று நீங்களே பிரித்துவிட்டீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தூரத்தில் இருப்பதால் தகப்பனின் கடமையும் குறையாது, உரிமையும் குறையாது.

அவரையும் சும்மா விடுவதற்கில்லை. ‘பாப்பா நல்லாப் படிக்கிறாளா?’ என்று உங்களிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிற அப்பாவாக இருந்தால், இந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

‘போன் செய்யும் நேரத்துக்கு ஒரு ஒழுங்கே கிடையாது’ என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஒழுங்கில்லை என்று உங்கள் பெண் ஒரு தடவையாவது கேட்டிருப்பாளா? கப்பல் மேற்கே போகப் போக அதன் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னுக்குத் தள்ளுவார்கள். கிழக்கே போனால் முன்னுக்கு. அவருக்கு வேலை முடியும் நேரம் கப்பலில் ஒன்றுதான். உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவளுடைய பாடப் புத்தகத்தில் தீர்க்கரேகையும் நேரமும் என்று வருகிற பாடம் இதுதான்.

இப்போது உங்கள் பட்டியல். அகர வரிசையில் சிலிக்கு மேலே சிரியா, அதற்கும் மேலே சியரா லியோன், கீழே சீனா. ஒன்று ஆப்பிரிக்கா, இரண்டு ஆசியா, நடுவில் தென் அமெரிக்கா. இந்த வரிசையை நூறு தடவை சொன்ன பிள்ளை, சிலியைச் சியரா லியோனுக்குப் பக்கத்தில் தேடாமல் வேறு எங்கே தேடும்? அவள் மறக்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த அக்கம்பக்கத்தை அப்படியே நினைவில் வைத்திருக்கிறாள். போதாக்குறைக்கு இந்த மாதிரிப் பட்டியல்கள் சீக்கிரம் பழசாகிவிடும். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா. 2019இல் நூர் சுல்தான் என்று பெயர் மாற்றி, 2022இல் திரும்பவும் அஸ்தானா ஆக்கிவிட்டார்கள். பட்டியலை இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

அந்த இடத்தில் ஒட்ட வேண்டிய மேப்பைக் கடையில் வாங்க வேண்டாம், அவளே போடட்டும். கணக்கில் கெட்டிக்காரி என்கிறீர்களே, மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள்களை ஒட்டி, 36 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்துக்கு ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஒரு டிகிரி. குறுக்கே நடுவில் பூமத்தியரேகை, நெடுக்கே நடுவில் கிரீன்விச் கோடு. 23½ டிகிரியில் மேலே கடகரேகை, கீழே மகரரேகை. 15 டிகிரிக்கு ஒரு நெடுக்குக் கோடு மெல்லிய பென்சிலில்.

கண்டங்களை அட்லஸைப் பார்த்து ட்ரேஸ் எடுக்க விடாதீர்கள். ட்ரேஸ் எடுக்கும்போது கைதான் வேலை செய்யும், மூளை வேடிக்கை பார்க்கும். புள்ளி வைத்துச் சேர்க்கட்டும். ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது புள்ளி போதும். ஜிப்ரால்டர் நீரிணையின் தென்கரை: 36 வடக்கு, 6 மேற்கு. துனிசியாவின் வடமுனை: 37 வடக்கு, 10 கிழக்கு. சூயஸ்: 30 வடக்கு, 32½ கிழக்கு. செங்கடலின் தென்வாசலான பாப்-எல்-மண்டப்: 12½ வடக்கு, 43 கிழக்கு. சோமாலியாவின் மூக்கு: 12 வடக்கு, 51 கிழக்கு. மொசாம்பிக் கரை: 15 தெற்கு, 41 கிழக்கு. தென்கோடியில் அகுலாஸ் முனை: 35 தெற்கு, 20 கிழக்கு. கேமரூன் கரை மடங்குகிற மூலை: 4 வடக்கு, 9 கிழக்கு. மேற்குக் கோடியில் டக்கார்: 15 வடக்கு, 17 மேற்கு. அங்கிருந்து ஜிப்ரால்டருக்குத் திரும்பினால் ஆப்பிரிக்கா வந்துவிடும். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மற்றக் கண்டங்களுக்கான முனைகளை அட்லஸில் அவளே தேடி எடுக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு கண்டம்.

இதில் மூன்று தவறு வரும். முதல் தவறு கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே அதிகம் வரும். கணக்கில் கிடைமட்ட எண் முதலில், செங்குத்து எண் பிறகு. புவியியலில் வடக்கு–தெற்கு முதலில், கிழக்கு–மேற்கு பிறகு, அதாவது தலைகீழ். பழக்க தோஷத்தில் அகுலாஸ் முனையைக் கொண்டுபோய்க் கடலில் வைத்துவிடுவாள். ‘முதல் எண் ஏறி இறங்கும், இரண்டாவது எண் பக்கவாட்டில் போகும்’ என்று தாளின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கிழக்கா மேற்கா என்பதைக் குறிக்காமல் வெறும் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது. மூன்றாவது, டிகிரிக்குக் கீழே வருகிற நிமிடத்தைத் தசமமாக நினைப்பது. 12 டிகிரி 30 நிமிடம் என்றால் 12.30 இல்லை, 12.5. அறுபது நிமிடம் ஒரு டிகிரி. கப்பலில் இருந்து வருகிற எண்கள் நிமிடத்தோடுதான் வரும், அதனால் இதை முதலிலேயே சரிசெய்துவிட வேண்டும்.

இப்போது போனுக்கு வருவோம். மணி அடித்தால் முதல் பத்து நிமிடம் அவளுக்கு. வீட்டுச் செலவு, சொந்தக்காரர் சண்டை எல்லாம் அப்புறம். கேள்வியை அவள்தான் கேட்க வேண்டும், நீங்கள் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது.

கப்பல் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. ‘அட்லாண்டிக்கில்’ என்கிற பதில் செல்லாது. டிகிரியில் சொல்ல வேண்டும். கப்பல்களில் தினமும் நூன் ரிப்போர்ட் தயாராகும்: நடுப்பகலில் கப்பல் இருந்த இடம், 24 மணி நேரத்தில் ஓடிய தூரம், வேகம், காற்று எல்லாம் அதில் இருக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு இன்ஜின் அறையில் வேலை என்றாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். ஆபத்தான கடல் பகுதியில் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கேப்டன் கட்டுப்பாடு வைத்திருந்தால் அதை மீறச் சொல்லாதீர்கள். அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகு பழைய இடங்களை முழு டிகிரியில் சொன்னால் போதும். வாரத்துக்கு மூன்று புள்ளி, பக்கத்தில் தேதி.

அடுத்து, கப்பல் கடிகாரத்தில் இப்போது மணி என்ன? வீட்டில் இரவு 9, கப்பலில் அதே நாள் பிற்பகல் 2 என்றால் வித்தியாசம் 7 மணி நேரம். மணிக்கு 15 டிகிரி. ஆகவே கப்பல் உங்கள் வீட்டிலிருந்து 105 டிகிரி மேற்கே. அவள் குறித்த புள்ளியோடு ஒப்பிட்டால் பொருந்தாது. பொருந்தாமல் போவதுதான் பாடம். கடிகாரத்தை முழு மணியாகத்தான் மாற்றுகிறார்கள், அதனால் நடுக்கடலில்கூட 7½ டிகிரி வரை தள்ளியிருக்கலாம். உங்கள் வீட்டுக் கடிகாரமும் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற சூரியனைப் பார்த்து ஓடுவதில்லை, நாட்டுக்கு ஒரே நேரம் என்று வைத்திருப்பார்கள். துறைமுகத்துக்குள் போனால் இன்னும் மோசம். சீனா கிழக்கு மேற்காக 60 டிகிரிக்கு மேல் பரந்து கிடக்கிறது, நாடு முழுக்க ஒரே மணி. நேபாளம் கிரீன்விச்சுக்கு 5 மணி 45 நிமிடம் முன்னால். சூரியன் காட்டுகிற நேரம் வேறு, அரசாங்கம் வைக்கிற நேரம் வேறு என்பது அவளுக்கு இங்கே பிடிபடும்.

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது: நடுப்பகலில் உங்கள் நிழல் எந்தத் திசையில் விழுந்தது? கடகரேகைக்கு வடக்கே இருந்தால் வருடம் முழுக்க வடக்கே விழும். மகரரேகைக்குத் தெற்கே இருந்தால் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் மாதத்தைப் பொறுத்து மாறும். பூமி 23½ டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வாய்ப்பாடம் சொல்லும் பிள்ளைகள் ஆயிரம் பேர். அந்தச் சாய்வினால் டெக்கில் நிற்கிற அப்பாவின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

கடைசியாக, சரக்கு என்ன, எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் அந்த வழி? சிலியிலிருந்து தாமிரம் ஏற்றினார் என்றால், சிலி அவளுக்கு அப்புறம் எங்கேயும் ஓடாது. சூயஸ் வழி என்றால் 193 கிலோமீட்டர் கால்வாய், 1869இல் திறந்தது, இரு முனையிலும் கடல் ஏறக்குறைய ஒரே மட்டம் என்பதால் மதகு கிடையாது. பனாமா வழி என்றால், 1914இல் திறந்த அந்தக் கால்வாயில் கப்பலை மதகுகளால் 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி ஏரியில் விட்டு மறுபக்கம் இறக்குகிறார்கள். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிற கப்பல் அங்கே தென்கிழக்கே போகும். பசிபிக் மேற்கே இருக்கிற கடலாயிற்றே, எப்படி என்று அவள் அட்லஸைப் புரட்டுவாள். பதிலை நீங்கள் சொல்லித் தொலைக்காதீர்கள்.

சரிபார்ப்பும் அவள் கையிலேயே இருக்கிறது. ஒரு கடல் மைல் என்பது அட்சரேகையில் ஒரு நிமிடம், 1.852 கி.மீ. கப்பல் 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல் வேகம் என்றால் ஒரு நாளைக்கு 336 கடல் மைல். நேர் தெற்கே போனால் 5½ டிகிரிக்குச் சற்று மேல். கிழக்கு மேற்காகப் போனால் பூமத்தியரேகையில் அதே கணக்கு. 60ஆவது அட்சரேகையில் தீர்க்கரேகைகளின் இடைவெளி பாதியாகக் குறுகிவிடும், அதே தூரத்துக்கு 11 டிகிரி நகர்ந்திருக்கும். ஒரே நாளில் கப்பல் 40 டிகிரி தாண்டியதாக மேப் காட்டினால் தப்பு எங்கேயோ இருக்கிறது என்று அவளே கண்டுபிடிப்பாள்.

அவள் போட்ட மேப்பும் பொய் சொல்லும். துருவத்தை ஒட்டிய இடங்கள் அதில் பக்கவாட்டில் இழுத்துக் கிடக்கும். கப்பலில் இருக்கிற சார்ட், அதாவது கடல் மேப், பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில், உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் வரைய 1569இல் வந்த முறை. அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. தூரத்தைக் குளோபில் நூல் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

சிலிக்கு ஒரு வைத்தியம். சாந்தியாகோ 33 தெற்கு. அதே கோட்டில் கையை ஓட்டினால் கேப் டவுன் 34 தெற்கு, பெர்த் 32 தெற்கு. மூன்றும் கண்டத்தின் மேற்குக் கரைப் பக்கம். மூன்றிலும் கோடை காய்ந்து கிடக்கும், மழை குளிர்காலத்தில். பூமத்தியரேகைக்கு மேலே அதே உயரத்தில் தேடினால் கலிபோர்னியா, அங்கேயும் அதே கதை. தலைநகரம் ஒன்றைத் தனியாகப் படிப்பதற்கும் இப்படிப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தேர்வில் தெரியும்.

தேர்வுக்கு வேண்டிய இடங்கள் எவை என்று பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகளையும் எந்த ஏழாம் வகுப்பும் கேட்பதில்லை. வெற்று மேப்பில் பத்து இடத்தைப் பார்க்காமல் குறிக்க வேண்டும், பிறகுதான் அட்லஸைத் திறந்து திருத்த வேண்டும். தப்பானவற்றை மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திரும்பக் குறிக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேர ஒப்பித்தலை விடுங்கள்.

இந்தப் பாடம் வராத பிள்ளை என்று யாரும் இல்லை. ட்யூஷன் வைத்தால் இன்னொருவர் இன்னொரு பட்டியலைக் கொடுப்பார். வேண்டாம். சிக்னல் கிடைக்காமல் நாலைந்து நாள் போன் வராது, அப்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடைசிப் புள்ளி, திசை, வேகம் மூன்றும் அவளிடம் இருக்கிறதே, இன்று கப்பல் எங்கே இருக்கும் என்று அவளே கணக்குப் போட்டுப் பென்சிலில் வட்டமிடட்டும். போன் வந்ததும் உண்மையான இடத்தைக் கேட்டு ஒப்பிடட்டும். இரண்டு டிகிரிக்குள் இருந்தால் நல்ல கணக்கு. பத்து டிகிரி தள்ளியிருந்தால் கப்பல் திரும்பியதா, அவள் கிழக்கை மேற்காகக் குறித்தாளா என்பதை அப்பாவும் பெண்ணும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அந்த நேரத்தில் அடுத்த அறைக்குத் தாராளமாகப் போகலாம்.