ஹொக்கைடோ கடல் வாத்துக்கு எந்த மாதம், எந்த லென்ஸ்?

கேள்வி: ஹார்லிகுயின் வாத்தை நேரில் பார்த்துப் படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை. குடும்பத்தோடு ஜப்பானின் ஹொக்கைடோ போகிறோம். பிள்ளைகளின் ஜூன் விடுமுறையிலா, டிசம்பரிலா என்று முடிவாகவில்லை. என்னிடம் 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது. கடையில் 200-600 லென்ஸை 'எக்ஸ்போர்ட் செட்' என்று லோக்கல் செட்டைவிட மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா, இல்லை ஜப்பானில் வரியில்லாமல் வாங்கலாமா? (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்)

பதில்: லென்ஸ் இருக்கட்டும், முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். டிசம்பர்தான். ஜூனில் இந்த வாத்துகளில் பெரும்பாலானவை வேகமாக ஓடும் ஆறுகளுக்குக் குஞ்சு பொரிக்கப் போயிருக்கும், அதன்பின் கோடையில் ஆண் வாத்து இறகு உதிர்த்துப் பழுப்பாகிவிடும், நீங்கள் ஆசைப்படும் நீலமும் செம்பழுப்பும் வெள்ளைக் கோடுகளும் அப்போது இருக்காது. குளிர்காலத்தில் அதே நிறங்களோடு கிழக்கு ஹொக்கைடோவின் நெமுரோ, ராவ்சு பக்கம் துறைமுகங்களிலும் பாறைக் கரைகளிலும் மிதக்கும். டிசம்பரில் நெமுரோவில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், துறைமுகத்துக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நீலம் படத்தில் வெறும் கறுப்பாகத்தான் விழும்.

இது சின்னப் பறவை, சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதனால் 300 போதாது என்பது உண்மை, ஆனால் கிட்டே போகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கூட்டமாக முங்கும்போது நாலு அடி முன்னே போங்கள், மேலே வரும்போது அசையாமல் குனிந்து இருங்கள். வெளிச்ச அளவை வெள்ளை இறகு வெளிறாதபடி வையுங்கள்.

சரி, லென்ஸ். எக்ஸ்போர்ட் செட், அதாவது வேறு நாட்டு விற்பனைக்கான பொருள், அதற்கு இங்குள்ள விநியோகஸ்தரின் உத்தரவாதம் இருக்காது, பெரும்பாலும் கடை தரும் உத்தரவாதம் மட்டும்தான். அதற்காகக் கடைக்காரர் கைகழுவ முடியாது: குறையுள்ள பொருளுக்கான இங்குள்ள லெமன் சட்டப்படி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும், கடை பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. ஆனால் கரோசெல் விற்பனைத் தளத்தில் தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. அப்படி வாங்குவதாக இருந்தால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் அது சுலபமாகப் பிடிக்கும்.

ஜப்பானில் 10 விழுக்காடு வரி மிச்சமாகும் என்பது சரி, ஆனால் திரும்பி வரும்போது 500 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு இங்கே 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அந்த 500 வெள்ளிச் சலுகைகூட 48 மணி நேரமாவது வெளியே இருந்தவர்களுக்குத்தான், வேலை பாஸ், மாணவர் பாஸ் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. உத்தரவாதம் ஜப்பானுக்குள் மட்டுமா என்றும் கேட்க வேண்டும். மொத்தத்தில் இதில் பெரிய லாபம் இல்லை.

நான் சொல்வது, இந்தப் பயணத்துக்கு லென்ஸை வாடகைக்கு எடுங்கள். 2 கிலோ எடையைக் குளிரில் தூக்கிப் பார்த்த பிறகு சொந்தமாக வேண்டுமா என்று முடிவு செய்யலாம். வாடகைக் கடையில் முன்பணம் எவ்வளவு, உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், கிங் ஐடர் வாத்தும் நிச்சயம் பார்க்கலாம் என்று ஹொக்கைடோ பேக்கேஜ் யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள். அதற்குப் பேர்போன இடம் நார்வேயின் வராங்கர், ஹொக்கைடோவில் அது மிக அபூர்வம். எந்த ஏஜென்சியாக இருந்தாலும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழக உரிமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.